அரிசிக்கு இல்லாத தீட்டு

புதுக்கோட்டைச் சீமையில் கற்கள் பேசும். சித்தன்னவாசல் குகையின் கூரையிலே தீட்டப்பட்ட தாமரைப் பொய்கை பேசும். குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு பேசும். கொடும்பாளூர் மூவர் கோயில் இருக்குவேளிரின் பெருமையைப் பேசும். தொண்டைமான் மன்னர்களின் வரிசையையும் வாகையையும் விருதையும் சமஸ்தான ஏடுகள் பக்கம் பக்கமாகப் பேசும். பேசாதது ஒன்று உண்டு. அதுதான் அடுப்பு! மூவர் கோயிலுக்குக் கல் சுமந்தவன் அன்றிரவு என்ன உண்டான்? அதைச் சமைத்தவள் எந்நேரம் உலக்கை பிடித்தாள்? எந்தத் தானியம் எந்த மாதத்தில் அந்தக் குடிசைக்குள் வந்தது? இவற்றைக் கல்லில் வெட்டுவார் எவருமில்லை.

ஆகவே நாம் அரண்மனை வாயிலில் காத்துக் கிடக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழைவோம். அதிலும், ஆண்டு முழுதும் வேண்டாம். புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை முடிய உள்ள நாட்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழந்தமிழர் ஆவணியையும் புரட்டாசியையும் கார் என்றனர். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். மேலைநாட்டார் இதே காலத்தை இலையுதிர் காலம் என்பர். நம் சீமையிலோ அப்போது இலை உதிர்வதில்லை; துளிர்க்கிறது! வெயிலில் வெடித்துக் கிடந்த செம்மண், வடகிழக்குப் பருவமழை கண்டு நெகிழ்கிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் கொண்ட மாவட்டம் இது. அவை நிரம்பத் தொடங்கும் காலமே கூதிர்காலம்.

கண்மாய் நிறைந்தால் வயிறு நிறைந்துவிடுமா? அங்கேதான் இருக்கிறது செய்தி. கண்மாய்ப் பாசனத்து நெல், மழை கண்டு நட்டு, தைத் திங்களில் அறுக்கப்படுவது. ஐப்பசியில் அது வயலிலே பச்சைப்பயிராக நிற்கும். சென்ற தையில் அறுத்த நெல்லோ, குத்தகைக்கும் கடனுக்கும் கோயிலுக்கும் கொடுத்தது போக, ஆடி ஆவணியோடு தீர்ந்துவிட்டிருக்கும். கூதிர் வந்தது, குதிர் காலியானது! காவிரிக் கரையிலே குறுவை அறுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் காவிரி நீர், 1934இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தின் கல்லணைக் கால்வாய் வழியாகவே அறந்தாங்கிப் பக்கத்துக்கு வந்தது. அப்பகுதியும் அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. சமஸ்தானத்து மேட்டுநிலக் குடியானவனுக்கு ஐப்பசியில் நெல் என்பது கண்ணுக்குத் தெரியும் பயிர். கைக்கு எட்டும் சோறு அன்று.

பின் யார் காப்பாற்றியது அவனை? கொல்லை காப்பாற்றியது. ஆடிப்பட்டத்தில் விதைத்த சாமை புரட்டாசியிலே முற்றும். கம்பு ஐப்பசியில் கதிர் சாயும். தட்டைப்பயறும் பாசிப்பயறும் காய்ந்து நெற்று வெடிக்கும். கடலைச் செடியைப் பிடுங்கி உதறினால் வேரெல்லாம் காய். வரகு சற்றுப் பொறுத்துக் கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும். வரப்பிலும் வேலியிலும் அவரை பூத்துக் காய்க்கும். கூரைமேல் பறங்கி படுத்திருக்கும். எவரும் விதைக்காமலே, மழை ஈரத்தில் பண்ணைக்கீரை தலைநீட்டும். இடி இடித்த மறுநாள் புற்றருகே காளான் வெண்குடை விரிக்கும். இடிதான் காளானைப் பெற்றது என்று பாட்டிமார் சொல்வர். கரையான்கள் தம் புற்றினுள்ளே வளர்க்கும் பூஞ்சைதான் மழை ஈரத்தில் மேலே வருகிறது என்று அறிவியல் சொல்கிறது. பாட்டியின் விளக்கம் தவறு; அவள் காட்டிய இடம் சரி. பறித்துவந்து மிளகு தட்டிச் சமைத்தால் சுவையிலும் குறையில்லை!

இவற்றைச் சமைத்த முறையையும் வரலாறென்றே நாம் எழுதுகிறோம். கம்பின்மேல் நீர் தெளித்து உரலிலிட்டுக் குற்றவேண்டும். சுளகிலே புடைத்து உமி போக்கவேண்டும். மீண்டும் இடித்துக் குருணையையும் மாவையும் தனித்தனியே பிரிக்கவேண்டும். மண்பானை உலை கொதிக்கையில் முதலில் குருணை. அது வெந்து குழையும் தறுவாயில் மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் இடைவிடாது கிளறவேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். ஆறியபின் உருட்டி நீரில் போட்டுவைத்தால் மறுநாள் காலை மோரும் வெங்காயமும் சேர, உழவனுக்கு அதுவே விருந்து. சாமைச் சோற்றுக்கு அவரைக்காய் போட்ட புளிக்குழம்பு. பயறு வேகவைத்துக் கடைந்தால் அதற்கொரு துணை. பிடுங்கிய அன்றே கடலையை ஓட்டோடு உப்பிட்டு அவித்தால் பிள்ளைகளுக்கு அந்திப்பசி தீரும். வறுத்த கடலையும் மிளகாயும் வைத்து அரைத்த துவையல் கஞ்சிக்குத் தோழன். வயல் நண்டும் நத்தையும் கிடைத்த நாளில் குழம்புச் சட்டியைச் சுற்றிப் பெருங்கூட்டம்.

இங்கே ஒரு சொல். "நம் முன்னோர் உணவு, மாசற்ற மரபு" என்று மார்தட்டுவோர்க்காக இதைச் சொல்லி வைப்போம். அந்தத் துவையலில் கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் கொடைதான். போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்தபிறகே தமிழன் நாக்கில் அது உறைத்தது. நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக்கொண்டு, நம் மண்ணில் ஊன்றி, நம் சட்டியில் ஏற்றினாள் தமிழ்ப்பெண். அவள் சாத்திரம் பார்க்கவில்லை, சாறு பார்த்தாள்!

இனி இலக்கியத்துக்கு வருவோம். புறநானூற்று 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் முல்லைநிலத்து ஊரொன்றைக் காட்டுகிறார். அங்கே உணவென்று சொல்லத்தக்கவை நான்கே என்கிறார்: வரகு, தினை, கொள், அவரை. குடிகளும் நான்கே என்கிறார்; துடியனும் பாணனும் பறையனும் கடம்பனும். இவர்களை இழிந்தோர் என்று அவர் சொல்லவில்லை. இவர்களன்றிக் குடியே இல்லை என்கிறார்! வணங்கத்தக்க கடவுளும், போரிலே மாண்ட வீரனின் நடுகல்லன்றி வேறில்லை என்று முடிக்கிறார். அந்த நடுகல்லுக்கு முன்னால் தூவப்படுவது நெல் என்பதையும் கவனியுங்கள். வரகு வயிற்றுக்கு, நெல் நடுகல்லுக்கு. நெல்லின் ஏற்றம் அப்போதே அரும்பிவிட்டது. ஆயினும் வரகு உண்டவன் தாழ்ந்தவன் என்ற பேச்சு அப்பாட்டில் இல்லை. பிற்காலத்து ஔவையின் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்றும் வரகரிசிச் சோற்றையும் கத்தரிக்காய் வதக்கலையும் புளித்த மோரையும் வாயாரப் புகழ்கிறது.

பிறகு எப்போது, எவரால், சோற்றுக்குள் சாதி நுழைந்தது? இதற்கு விடைதேடத்தான் நாம் அரண்மனைப் பக்கம் திரும்பவேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டையின் பெருவிழா நவராத்திரி. அதுவும் புரட்டாசி, ஐப்பசியிலே வருவது. குடியானவன் குதிர் காலியாக இருக்கும் அதே நாட்களில்! பதினெட்டாம் நூற்றாண்டிலே விஜயரகுநாதத் தொண்டைமான், சதாசிவப் பிரம்மேந்திரரைக் காட்டிலே கண்டு உபதேசம் பெற்றார் என்பது சமஸ்தானத்து வழக்கு. அதன்பின் அரண்மனையின் நவராத்திரி பெருஞ்சிறப்பு எய்தியது. அவ்விழாவில் பிராமணர்க்கு அரிசியும், அதனோடு அம்மன் காசும் வழங்கப்பட்டன. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவம், மறுபுறம் தெலுங்கெழுத்தில் "விஜய" என்ற சொல். அதுவே அம்மன் காசு. சின்னஞ்சிறு செப்புக்காசு. பழங்காசு சேர்ப்போர் இன்று விரும்பித் தேடுவது. காசைத் தேடுகிறார்கள், அதனோடு சென்ற அரிசியை எவரும் நினைப்பதில்லை. நாம் அந்த அரிசியை நினைக்கிறோம்.

அது யார் விளைவித்த அரிசி? சமஸ்தானத்துச் சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி மானியமாகப் போயிருந்தது. கோயிலுக்கு மானியம், பிராமணர்க்கு மானியம், படைத்தலைவர்க்கு மானியம், பணியாளர்க்கு மானியம். நிக்கோலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட "வெற்றுக் கிரீடம்" என்று பொருள்படும் தம் நூலில், மானியத்தை மையமாக வைத்தே இவ்வரசின் கதையை எழுதியுள்ளார். மானியம் போக மிஞ்சிய நிலத்திலும் அமானி முறை இருந்தது. களத்துமேட்டில் நெல் குவிந்ததும் உழவன் தொடக்கூடாது. அதிகாரி வந்து அளந்து அரசின் பங்கை எடுத்தபிறகே மீதி அவனுக்கு. அதிகாரி வரும்வரை தன் நெல்லுக்குத் தானே அந்நியன்! இந்த முறையை ஒழித்துப் பணவரி ஆக்கியது 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியின் நிர்வாகம். அவர் எந்தக் குலம் என்பதற்காக நாம் இந்த உண்மையை மறைக்கப்போவதில்லை.

அரிசி யார் கையால் ஆயிற்று என்பதையும் பாருங்கள். சேற்றிலே நாற்று நட்ட கை, கதிரறுத்த கை, நெல்லை உரலில் குற்றிய கை, சுளகில் புடைத்த கை, எல்லாம் உழைப்பாளியின் கை. அவற்றிற் பல தீண்டத்தகாதவை என்று ஒதுக்கப்பட்ட கை! அந்தக் கைபட்ட அரிசியைத் தானமாக வாங்கத் தடையில்லை. ஆனால் அதே கை அந்த அரிசியை உலையிலிட்டு வடித்துச் சோறாக்கிக் கொடுத்தால்? தீட்டு! அரிசியாக இருந்தவரை அது புனிதம். தண்ணீரும் தீயும் சேர்ந்ததும் அது பாவம்! நெருப்பு எல்லாவற்றையும் தூய்மை ஆக்கும் என்று வேள்வி வளர்த்தவர்கள், அடுப்பு நெருப்பு மட்டும் அசுத்தம் செய்யும் என்றது என்ன ஞாயம்?

இது நாம் கற்பித்துச் சொல்வதன்று. மனுநூலின் நான்காம் அத்தியாயம், சிராத்தம் செய்யாத சூத்திரன் சமைத்த உணவைக் கற்ற பிராமணன் உண்ணலாகாது என்கிறது. ஆனால் வேறு வழியில்லாதபோது அவனிடமிருந்து ஓரிரவுக்குப் போதுமான சமைக்காத தானியத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சலுகை தருகிறது. உழைப்பை வாங்கலாம், உறவு வைக்கலாகாது. விளைவை வாங்கலாம், விருந்துக்கு அமரலாகாது. கொடுக்கல் வாங்கல் களத்துமேட்டோடு நிற்கவேண்டும், இலைமுன் வரக்கூடாது. சாதியின் கோட்டை எங்கே கட்டப்பட்டது என்று கேட்டால், நாம் போர்க்களத்தைக் காட்டமாட்டோம். அடுப்படியைக் காட்டுவோம்! 1924, 1925 ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த பெரும்புயல் எதைப்பற்றியது? பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைத்ததைப் பற்றியதே. அந்தச் சோற்றுப் பந்தியின் பிரிவுதான், பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறிய பாதையின் முக்கியமான ஒரு கட்டம்.

அடுப்படியில் இன்னொரு அடிமைத்தனமும் உண்டு. பெண்ணுடையது. புன்செய்த் தானியத்தைப் புகழ்ந்து பேசும் ஆடவர் பலர் வரகு குற்றியதில்லை. வரகின் உமி அடுக்கடுக்காக இறுகிப் பிடித்தது. திருகையில் அரைத்து, புடைத்து, உரலில் குற்றி, மீண்டும் புடைத்து, விடியலுக்கு முன் தொடங்கினால் பொழுதேறும்வரை தோள் வலிக்கும். ஆலையும் மின்விசையும் வந்து அந்த உலக்கையை இறக்கிவைத்தபோது பழமை அழிந்ததே என்று எவரேனும் கண்ணீர் வடித்தால், அவர் கையில் ஒரு மணி நேரம் உலக்கையைக் கொடுத்துப் பாருங்கள்! 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது இதே மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஏறக் கற்றனர். தண்ணீர்க் குடமும் கடலை மூட்டையும் தலையிலிருந்து வண்டிக்கு மாறின. அதையும் இச்சீமையின் அடுப்பு வரலாற்றில் நாம் சேர்க்கிறோம்.

வரகைப் பற்றி மற்றொன்றும் அறியவேண்டும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகை உண்டால் மயக்கமும் நடுக்கமும் வாந்தியும் வரும். பேய், பிசாசு, கண்ணேறு என்று எத்தனை குடில்களில் எத்தனை பேருக்கு வேப்பிலை அடித்திருப்பார்களோ! வரகில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற நஞ்சே அதற்குக் காரணம் என்று 1985இல் இந்திய ஆய்வாளர்கள் கண்டு கூறினர். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் மாண்டதும் இந்த நஞ்சு ஏறிய வரகை மேய்ந்தே. யானைக்கும் பேய் பிடித்ததா? ஆதலால் கூதிர்காலத்து வரகை நன்றாகக் காயவைத்து, ஈரம் புகாது காத்து, பிறகே உலையில் இடவேண்டும். இதற்கு மந்திரம் வேண்டாம், வெயில் வேண்டும்.

ஐப்பசியின் மற்றொரு கொடுமை தீபாவளி. அதன் புராணத்தைப் பற்றி நம் ஏடுகள் எழுதியதற்கு அளவில்லை. நாம் கணக்கை மட்டும் பார்ப்போம். குதிரில் நெல் இல்லாத மாதம். அந்த மாதத்தில் அரிசிமாவுப் பலகாரம், எண்ணெய்ச் சட்டி, புத்தாடை, வெடி. பணம் எங்கிருந்து வரும்? தையில் வரப்போகும் நெல்லை அடகு வைத்துக் கடைக்காரரிடமிருந்து வரும். களத்துக்கு வருமுன்னே நெல் கைமாறிவிடும். தைப்பொங்கல் அப்படியன்று, அறுத்தபின் பொங்குவது, கையில் இருப்பதைப் பொங்குவது.

1948 மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது. 1974 சனவரி 14ஆம் நாள், அதே பொங்கலன்று, புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே, 1967இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒருபடி அரிசி வழங்கத் தொடங்கியது. 2011 சூனில் பொதுவிநியோகக் கடையில் அரிசி விலையில்லாமலே வந்தது. நவராத்திரியில் சிலர் மட்டும் பெற்ற அரிசியைக் குடும்ப அட்டை வைத்திருக்கும் குடிசைவாசி மாதந்தோறும் உரிமையாகப் பெறுகிறார். தானம் உரிமையாயிற்று. இது சிறிய புரட்சியன்று. ஐப்பசிப் பசியை இந்த அரிசி ஒழித்ததை மறந்துவிட்டு "அரிசி நம்மைக் கெடுத்தது" என்று பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை.

எனினும் ஒன்று நேர்ந்தது. வரகும் சாமையும் கொல்லையை விட்டு நகர்ந்தன. மேட்டுநிலங்கள் பல காகிதக் கூழுக்கான தைலமரக் காடுகளாயின. பிள்ளைகளிடம் "நேற்றிரவு என்ன உணவு?" என்று வகுப்பில் கேட்டால், கேழ்வரகுக் களி உண்டவன் எழுந்து "சோறு" என்று பொய் சொல்வதை நாம் கண்டிருக்கிறோம். களி உண்டதில் என்ன வெட்கம்? அந்த வெட்கத்தை அவனுக்கு ஊட்டியது எது? 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டென்று அறிவித்தது. உடனே நகரத்துக் கண்ணாடிக் கடைகளில் சாமையும் வரகும் பளபளக்கும் பைகளில், அரிசியைவிடக் கூடுதல் விலையில் அமர்ந்துகொண்டன. அன்று ஏழையின் தானியம் என்று இகழ்ந்தனர். இன்று ஏழைக்கு எட்டாத தானியமாக உயர்த்தினர்! எல்லா நோயும் தீரும் என்று கதைகளும் கட்டுகின்றனர். நார்ச்சத்து உண்டு, இரும்பும் சுண்ணாம்பும் சிலவற்றில் மிகுதி, வறண்ட நிலத்தில் விளையும். புகழ இவை போதாவா? தானியத்துக்கும் ஒரு தலபுராணம் தேவையா? ஆலங்குடி வட்டத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் உளுந்திலே புதுப்புது வகைகளை ஆய்ந்து வெளியிடுகிறது. உழவனுக்கு வேண்டியது அத்தகைய ஆய்வு.

உலைக்குத் தானியம் வந்தது, விறகும் வந்தது. இனி நீர் வேண்டுமே! 2022 டிசம்பர் 26ஆம் நாள், இதே மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது வெளிப்பட்டது. அந்த நீரில்தான் அவர்கள் அடுப்பில் உலை வைத்திருந்தார்கள்! அதையொட்டி அதிகாரிகள் சென்றபோது, பக்கத்து இறையூர்த் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை முறை இருந்ததும் வெளியாகி வழக்குப் பதிவாயிற்று. தேயிலைத் தூளில் தீட்டில்லை, சர்க்கரையில் தீட்டில்லை, கொதித்துக் குவளைக்கு வந்ததும் தீட்டு. நவராத்திரி அரிசியின் நியாயமேதான் இது. அம்மன் காசு செல்லாக்காசாகிவிட்டது. அதனோடு வந்த நியாயம் இன்னும் செலாவணியில் இருக்கிறது.

1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. காமராசர் காலத்திலே அது மாநிலமெங்கும் விரிந்தது, 1982இல் சத்துணவாயிற்று, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஒரே அடுப்பு, ஒரே அண்டா, ஒரே வரிசை. அந்த அண்டாவுக்கு முன்னால்தான் 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பட்டியல் சமூகப் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரார் சிலர் எதிர்த்தனர். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலும் அதே காரணத்தால் பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, அந்தப் பெண் சமைத்ததை உண்டு, சட்டத்தைச் சொல்லி எச்சரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளிகளுக்கு மூட்டையாக வந்து இறங்கிய அரிசியை எவர் கைபட்டதென்று எந்தப் பெற்றோரும் கேட்டதாகச் செய்தியில்லை.